ஸ்மால்டாக் நிரல்மொழியில் நிரல் ஓடும்போதே கிளாஸையும் மெத்தட்டையும் ஆராய முடியுமா? ஜாவாவின் ரிஃப்ளெக்‌ஷன் மாதிரியா?

தாராளமாக முடியும். ஆனால் ஜாவாவை அளவுகோலாக வைத்துக்கொண்டு போனால் குழப்பம்தான் மிஞ்சும். ஜாவாவுக்கு ரிஃப்ளெக்‌ஷன் 1.1 பதிப்பில் வந்து சேர்ந்தது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடெல் கோல்ட்பெர்க் குழுவினர் உருவாக்கிய ஸ்மால்டாக்-80இலோ கிளாஸும் ஓர் ஆப்ஜெக்ட், மெத்தட்டும் ஓர் ஆப்ஜெக்ட். மற்ற ஆப்ஜெக்ட்களுக்குச் செய்தி அனுப்புவது போலவே இவற்றுக்கும் அனுப்பிப் பதில் வாங்கலாம்.

இன்றைய ஸ்மால்டாக் சூழல்களான ஸ்க்வீக்கையோ ஃபாரோவையோ திறந்து '3 கிளாஸ்' என்று கேளுங்கள் (தட்டுவது ஆங்கில எழுத்தில்தான்). 'ஸ்மால்இன்டிஜர்' என்று பதில் வரும். அந்தக் கிளாஸிடம் 'செலக்டர்ஸ்' கேட்டால் அதிலேயே எழுதப்பட்ட மெத்தட்களின் பெயர்கள் மட்டும் வரும்; மேலிருந்து மரபாக வந்தவையும் வேண்டுமென்றால் 'ஆல்செலக்டர்ஸ்'. புதிதாக வருபவர்கள் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு 'மெத்தட்டைக் காணோம்' என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு அன்றாடம் கைகொடுப்பது 'ஆல்இன்ஸ்டன்ஸஸ்'. ஒரு கிளாஸைச் சேர்ந்த, நினைவகத்தில் இருக்கும் ஆப்ஜெக்ட்கள் அத்தனையையும் இது திரட்டித் தந்துவிடும். 'சிஸ்டம்விண்டோ' கிளாஸிடம் கேட்டுப் பாருங்கள்: திரையில் தெரிவதைவிட அதிக விண்டோக்கள் வரக்கூடும். மூடப்பட்டு, இன்னும் துடைக்கப்படாதவை அவை. யாருக்கும் பயன்படாத ஆப்ஜெக்ட்களைத் துடைக்கும் 'ஸ்மால்டாக் கார்பேஜ்கலெக்ட்' ஓட்டிவிட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் மூடிய விண்டோ பட்டியலில் நின்றால், வேறேதோ ஆப்ஜெக்ட் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நினைவகக் கசிவைத் தேட இதைவிட நேரான வழி நான் பார்த்ததில்லை. கிடைத்த ஆப்ஜெக்டுக்கு 'இன்ஸ்பெக்ட்' அனுப்பினால் உள்ளே இருக்கும் மாறிகள் திறந்துகொள்ளும்; அங்கேயே மதிப்பை மாற்றலாம், நிரலை நிறுத்த வேண்டியதில்லை.

ஓர் ஆப்ஜெக்டுக்கு ஒரு செய்தி தெரியுமா என்று கேட்கும் 'ரெஸ்பாண்ட்ஸ்டு' சொல்வதை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரியாத செய்தி வந்தால் ஓடும் 'டஸ்நாட்அண்டர்ஸ்டாண்ட்' மெத்தட்டை ஒரு கிளாஸ் தன் வசதிக்கு மாற்றி எழுதியிருந்தால், 'தெரியாது' என்று பதில் வந்த செய்தியைக்கூட அது வாங்கி வேறோர் ஆப்ஜெக்டுக்குக் கைமாற்றிவிடும். பிராக்ஸிகள் (வேறோர் ஆப்ஜெக்டின் சார்பில் நிற்பவை) பிழைப்பதே இதை வைத்துத்தான். ஒரு மெத்தட்டை யார் அழைக்கிறார்கள் என்று 'சென்டர்ஸ்' பட்டியல் எடுக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை: தேடல் பெயரை மட்டுமே பார்க்கிறது. 'வேல்யூ' போன்ற பெயரைத் தேடினால் சம்பந்தமில்லாததெல்லாம் வந்து குவியும். ஓடும்போது துண்டு துண்டாகப் பெயரைக் கட்டி 'பெர்ஃபார்ம்' மூலம் அழைப்பவர்களோ சிக்கவே மாட்டார்கள்.

இவற்றையெல்லாம் சோதிக்கும் முன் இமேஜ் கோப்பை (சூழலின் ஆப்ஜெக்ட்கள் எல்லாம் சேமிக்கப்படும் கோப்பு) நகலெடுத்து வையுங்கள். 'அரே' மாதிரி அடிப்படைக் கிளாஸில் கைவைத்தால் சூழல் முழுவதும் முடங்கலாம். கூடவே, மாற்றங்கள் பதிவாகும் சேஞ்சஸ் கோப்பையும் எடுங்கள். நீங்கள் எழுதிய மெத்தட்களின் மூல வரிகள் இருப்பது அதில்தான், இமேஜில் இருப்பது அவற்றின் பைட்கோட் (தொகுக்கப்பட்ட வடிவம்) மட்டுமே.