முழங்கை வலிக்கும் பிட்சர் பையனுக்கு ஆபரேஷன் தேவையா?

கேள்வி: அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறோம். 13 வயது மகன் பேஸ்பால் பிட்சர். பள்ளி அணி, கிளப் அணி இரண்டுக்கும் வீசுகிறான். சனிக்கிழமை 70 பந்து வீசியிருந்தாலும் ஞாயிறு மறுபடி இறக்குகிறார்கள். ஒரு மாதமாக முழங்கையின் உட்பக்கம் வலி. 'டாமி ஜான் ஆபரேஷன் செய்தால் முன்பைவிட வேகமாக வீசலாம்' என்கிறார்கள் சில பெற்றோர். செய்யலாமா?

பதில்: வேகத்துக்காக அந்த ஆபரேஷனைச் செய்யவே கூடாது. வலி இருக்கும்வரை அவன் ஒரு பந்துகூட வீச வேண்டாம். சிறுவர்களின் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் எலும்பு மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வலி புதிது. அங்கே பந்துவீசும் கை பெரும்பாலும் நீட்டியபடியே சுழலும். வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகுதான் பெரிய தொல்லை. பிட்சரின் கையோ பின்னால் மடங்கி, சாட்டை மாதிரி முன்னால் விசிறும். அந்த இழுப்பை முழங்கையின் உட்பக்கம் தாங்க வேண்டும். பெரியவர்களுக்கு அங்குள்ள தசைநார் (எலும்பை எலும்போடு கட்டும் நார்) கிழியும். 13 வயதில் தசைநாரைவிட எலும்பின் வளரும் பகுதிதான் பலவீனம்; முதலில் அடிபடுவது பெரும்பாலும் அதுதான். 'லிட்டில் லீக் எல்போ' என்பது இதையே. பெரும்பாலும் ஓய்விலேயே ஆறிவிடும். டாமி ஜான் ஆபரேஷனோ கிழிந்த தசைநாருக்கானது. உங்கள் மகனுக்கு அந்தப் பிரச்சினையே இல்லாமல் இருக்கலாம்.

இந்த ஆபரேஷனுக்குப் பெயர் தந்த பிட்சர் டாமி ஜானின் கதையைப் பாதிதான் சொல்கிறார்கள். 1974 ஜூலையில், டாட்ஜர்ஸ் அணியில் தன் கணக்கில் 13 வெற்றி, 3 தோல்வி என்று அருமையாக ஆடிக்கொண்டிருந்தபோது இடது முழங்கைத் தசைநார் அறுந்தது. அப்போது அவருக்கு 31 வயது. டாக்டர் ஃபிராங்க் ஜோப் வலது கையிலிருந்து ஒரு தசைநாணை (தசையை எலும்போடு கட்டும் நாணை) எடுத்து இடது முழங்கையில் பொருத்தினார். மீண்டும் ஆட நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் டாக்டரின் கணிப்பு. நரம்புக் கோளாறுக்காக இன்னோர் ஆபரேஷனும் தேவைப்பட்டது. 1975 சீசன் முழுவதும் போயிற்று. அதன்பின் 1989 வரை, 46 வயது வரை ஆடினார். மொத்தம் 288 வெற்றிகளில் 164 ஆபரேஷனுக்குப் பிறகு வந்தவை. வியக்க வேண்டிய வாழ்க்கைதான். ஆனால் அவர் வேகத்தை நம்பிய பிட்சரே அல்ல. தாழ்ந்து இறங்கும் சிங்கர் பந்தும் துல்லியமும்தான் அவர் பலம். ஆபரேஷன் செய்துகொண்டவர் வேகமாக வீசுகிறார் என்றால், அதற்கு முன் அறுந்துகொண்டிருந்த கையோடு வீசியிருப்பார். பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காக உடற்பயிற்சியும் செய்திருப்பார். அந்தப் பயிற்சியை ஆபரேஷன் இல்லாமலே செய்யலாமே!

சரி, இனி என்ன செய்வது? மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வகுத்த 'பிட்ச் ஸ்மார்ட்' விதிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 13-14 வயதில் ஒரு நாளைக்கு 95 பந்துதான் உச்சம். 66 பந்தோ அதற்கு மேலோ வீசினால் அடுத்த 4 நாள் பிட்ச் செய்யக் கூடாது. அதாவது சனிக்கிழமை 70 வீசியவனை ஞாயிறு இறக்கியதே தவறு. வருடத்தில் 4 மாதமாவது எறிவதே கூடாது. அதில் 2, 3 மாதம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் பெரிய ஓட்டை இரண்டு அணிகள்தான். ஒரு கோச் எண்ணுவது மற்றவருக்குத் தெரியாது. எனவே கணக்கை நீங்களே ஒரு நோட்டில் எழுதி இருவருக்கும் அனுப்புங்கள். பிட்ச் செய்யாத நேரத்தில் அவனைக் கேட்சராகவும் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) நிறுத்தாதீர்கள். கேட்சரும் ஆட்டம் முழுக்க எறிந்துகொண்டேதான் இருப்பார்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போனாலோ, முழங்கையை முழுதாக நீட்ட முடியாவிட்டாலோ, வார இறுதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.