பெட்டியில் சீனா, விளம்பரத்தில் இத்தாலி: எதை நம்புவது?

பெட்டியில் அச்சிட்டிருப்பதைத்தான் நம்புங்கள். 'இத்தாலியன் பூல் டேபிள்' (கோலால் பந்தைத் தட்டி ஆடும் மேசை) என்று விற்றார்கள், வந்த பெட்டியில் 'மேட் இன் சைனா' இருக்கிறது என்கிறீர்கள். சுங்கத்துக்குக் காட்டுவது பொதுவாகப் பெட்டியில் உள்ள நாடுதான். மற்றது விற்பனைப் பேச்சு.

பெரும்பாலும் நடப்பது இது: துணிக்கு அடியில் கிடக்கும் ஸ்லேட் கல் மட்டும் இத்தாலியின் லிகூரியா பக்கத்திலிருந்து வந்திருக்கும். கால், சட்டம், குஷன் (பந்து மோதித் திரும்பும் ரப்பர் விளிம்பு) எல்லாம் வேறெங்கோ செய்தவை. கல்லின் ஊரை மொத்த மேசைக்கும் சூட்டிவிடுகிறார்கள். 'இத்தாலியில் வடிவமைத்தது' என்ற வரி இன்னும் சாமர்த்தியம், எங்கே செய்தார்கள் என்று அது சொல்வதே இல்லை.

1. டார்ச் அடித்து மேசைக்கு அடியில் பாருங்கள். ஸ்லேட்டின் விளிம்பிலும் சட்டத்தின் உள்பக்கத்திலும் முத்திரையோ ஸ்டிக்கரோ இருக்கலாம்.

2. கல், சட்டம், துணி மூன்றும் எந்த நாடு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வாய் கிழியப் பேசியவர் எழுதச் சொன்னால் மழுப்புவார், அப்போதே தெரிந்துவிடும்.

3. விளம்பரத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் கொடுத்த பிறகு அந்த வரி காணாமல் போகலாம்.

ஆனால் ஸ்டிக்கர் இல்லை என்பதாலேயே மோசடி என்று சொல்லிவிட முடியாது, பொருத்தும்போது கிழிந்திருக்கலாம். சீனக் கல் என்றால் ஆட்டம் கெட்டுவிடும் என்றும் இல்லை; மட்டம் சரியாகப் பார்த்து வைத்தால் பந்து நேராகவே ஓடும்.