அர்ச்சுனன் தபசுக்கு எத்தனை மணிக்குப் போவது?

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு மாமல்லபுரம் போயிருந்தோம். கேமரா நன்றாக இருக்கும் என்று சொன்னார்களே என்று புதிதாக ஒரு போன் வாங்கியிருந்தேன். அர்ச்சுனன் தபசை எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் பாறை கறுத்து, வானம் வெளுத்துக் கிடக்கிறது. முன்னால் நிற்கும் மனைவி பிள்ளைகளை யாரென்றே அடையாளம் தெரியவில்லை. நாங்கள் போய்ச் சேர மதியம் 2 மணி ஆகிவிட்டது. தனியாகக் கேமரா வாங்கினால்தான் சிற்பமெல்லாம் சரியாக வருமா?

ஆர்., விழுப்புரம்

அன்புள்ள ஆர்.,

கேமரா வேண்டாம். காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்: மதியம் 2 மணி.

அந்தப் பாறை கிழக்கு பார்த்தது. உச்சிப்பொழுது தாண்டியதும் சூரியன் அதற்குப் பின்பக்கம் போய்விடும். சிற்பம் முழுக்க நிழல், மேலே கண் கூசும் வானம். இரண்டையும் ஒரே படத்தில் சமாளிக்கப் பார்த்து உங்கள் போன் இரண்டையும் கெடுத்திருக்கிறது. லட்ச ரூபாய்க் கேமராவும் அந்த நேரத்தில் திணறத்தான் செய்யும்.

விடியற்காலையில் போங்கள் என்று பலரும் சொல்வார்கள். கடற்கரைக் கோயிலுக்கு அது சரி. புடைப்புச் சிற்பத்துக்கு என் கணக்கு வேறு. 7 மணி வெயில் கல்லுக்கு நல்ல நிறம் கொடுக்கும், ஆனால் ஏறக்குறைய நேராக முகத்தில் அடிப்பதால் நிழல் அதிகம் விழாது. நிழல் இல்லாமல் புடைப்பு எப்படித் தெரியும்? பட்டி பார்த்த சுவரில் மேடு பள்ளம் கண்டுபிடிக்க பெயின்டர் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடிப்பாரே, அந்த மாதிரி வெயில் கல்லை உரசிக்கொண்டு வர வேண்டும். அது 10 மணியிலிருந்து 11.30க்குள் கிடைக்கும். சித்திரையில் மேலிருந்து இறங்கும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே ஒதுங்கியிருப்பதால் நமக்கு இடப்பக்கத்திலிருந்து சாய்வாக வரும். என் ஓட்டு மார்கழிக்குத்தான். ஒற்றைக் காலில் நிற்கும் தவசியின் விலா எலும்புகளை அப்போது ஒவ்வொன்றாக எண்ணலாம். வலப்பக்கம் பெரிய யானையின் அருகே, அதே போலக் கையைத் தூக்கிக்கொண்டு பொய்த்தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றியுள்ள எலிகளையும் தவறவிடாதீர்கள். 7ஆம் நூற்றாண்டுச் சிற்பிக்கு என்ன குசும்பு பாருங்கள்!

ஏறத்தாழ 90 அடி நீளமுள்ள பாறை அது. முழுவதையும் ஒரே படத்தில் அடக்க நினைத்தால் எதுவும் மிஞ்சாது. அந்தப் பூனையை மட்டும் எடுங்கள், யானைக் குட்டிகளை மட்டும் எடுங்கள். போனில் 2 மடங்கு, 3 மடங்கு என்று தனி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அதற்கு மேல் விரலால் இழுத்துப் பெரிதாக்குவதில் பயனில்லை, வெட்டிப் பெரிதாக்குவதுதான் நடக்கிறது. திரையில் சிற்பத்தின் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கல்லின் சொரசொரப்பு தெரிய ஆரம்பிக்கும். பிளாஷை அணைத்தே வையுங்கள்.

அப்புறம், அங்கே கடற்காற்று. லென்ஸின் மேல் உப்பு படியும், விரல் வியர்வையும் சேரும். அவ்வப்போது மெத்தென்ற பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். புகை படிந்த மாதிரி வரும் படங்களில் பாதி இதனால்தான்.

வீட்டாரைப் பாறைக்குப் பக்கத்தில் நிறுத்தியதுதான் அவர்கள் தெரியாமல் போனதற்குக் காரணம். உங்களுக்கு நாலைந்து அடி முன்னால், இடுப்புக்கு மேல் தெரியும்படி நிற்கச் சொல்லுங்கள். சிற்பம் பின்னணியில் தானாக வரும். வெயிலை நேராகப் பார்க்கவிட்டால் கண்ணைச் சுருக்குவார்கள், அதனால் சற்றுத் திரும்பி நிற்கட்டும்.

அடுத்த முறையும் மதியம்தான் போய்ச் சேர முடியும் என்றால் முதலில் ஐந்து ரதங்களுக்குப் போங்கள். அவற்றில் நான்கு மேற்கு பார்த்தவை, 3 மணிக்கு மேல் அங்கே நல்ல வெயில் இருக்கும். ஸ்டாண்ட் கொண்டுபோக வேண்டாம். தொல்லியல் துறையிடம் முன் அனுமதி வாங்காமல் அதை உள்ளே விடமாட்டார்கள்.