"நான் எடுக்கவில்லை" என்று கடவுளிடம் சொல்லலாமா?

கேள்வி: எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த பொருட்களின் ஏலக் கணக்கை நான்தான் பார்த்தேன். 2,300 ரூபாய் குறைகிறது, நான் எடுத்துவிட்டேன் என்று ஒரு அக்கா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். 1,800 ரூபாய்க்குச் சேவலும் வாழைத்தாரும் கடன் சொல்லி எடுத்துப்போனவர்கள் இன்னும் தரவில்லை. 500 ரூபாயை ரசீது வாங்காமல் பந்தல்காரருக்குக் கொடுத்தேன். "ஆண்டவரே, நான் குற்றமற்றவள்" என்று ஜெபித்ததற்கு எங்கள் மூப்பர், "நீதிமான் ஒருவனாகிலும் இல்லை, அப்படி ஜெபிப்பது பெருமை" என்கிறார். எதிரியைச் சபிக்கிற 109-ம் சங்கீதத்தைத் தினமும் ராத்திரி வாசிக்கிறேன். தவறா? (பெயர் வேண்டாம்)

பதில்: மூப்பர் சொன்ன வசனம் சரி, சொன்ன இடம்தான் தப்பு. அந்த வசனம் வரும் ரோமர் 3-ல் பவுல் பேசுவது மனுஷகுலம் மொத்தத்தையும் பற்றி; உங்கள்மேல் வந்திருப்பதோ வெறும் 2,300 ரூபாய்ப் புகார். இரண்டையும் போட்டுக் குழப்பினால் திருடினவனும் திருடாதவனும் ஒன்றாகிவிடுவார்கள், திருடினவனுக்குத்தான் அது வசதி.

தாவீது 7-ம் சங்கீதத்தில், கூஷ் என்கிற பென்யமீனியன் பேசின பேச்சால் நொந்துபோய், "என் நீதியின்படியும் என்னிலுள்ள உண்மையின்படியும் எனக்கு நியாயஞ்செய்யும்" என்று கேட்கிறார். அதற்கு முன்னாலேயே "நான் இதைச் செய்ததும்" என்று ஆரம்பிக்கிறாரே, அந்த "இதை"யைக் கவனியுங்கள். பிறந்ததிலிருந்து பாவமே செய்யாதவன் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை (தன் பாவத்தை அறிக்கையிடும் 51-ம் சங்கீதமும் அவருடையதுதானே), இந்தக் காரியத்தை நான் செய்யவில்லை, அவ்வளவுதான். செய்திருந்தால் பகைஞன் என்னைத் தரையில் தள்ளி மிதிக்கட்டும் என்று முதலில் தன் தலையைத்தான் நீட்டுகிறார்.

109 அப்படியா? "அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களும்" என்று வரும்போது அந்த அக்காவின் பிள்ளைகள் முகம் உங்களுக்கு ஞாபகம் வருகிறதா, வரவில்லையா? நம் ஜனங்கள் இந்தச் சங்கீதத்தைச் செய்வினைத் தகடு மாதிரி ஆக்கிவைத்திருக்கிறார்கள். ராத்திரியில் அதை விட்டுவிட்டு 7-ஐ வாசியுங்கள்.

சீலோவில் இருந்த ஆலயத்தில், பிள்ளையில்லாமல் தவித்த அன்னாள் ஜெபித்துக்கொண்டிருந்தபோதே பழி வந்தது. உதடு அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த ஏலி, ஆசாரியனாக இருந்தும், குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டான். ஆண்டவருக்குத் தெரியும் என்று அவள் அழுதுகொண்டே எழுந்து போய்விடவில்லை. "அப்படியல்ல, என் ஆண்டவனே" என்று ஏலியிடமே மரியாதை குறையாமல், நேருக்கு நேராக, குடிக்கவில்லை என்பதையும் தன் மனக்கஷ்டத்தையும் சொன்னாள். ஏலியும் "சமாதானத்துடனே போ" என்றான். உங்கள் மூப்பர் அவ்வளவு சீக்கிரம் மாறுவாரா, எனக்குத் தெரியாது. ஆனாலும் ஏல நோட்டை எடுத்துக்கொண்டு கமிட்டி முன்னால் போய், சேவலை எடுத்தது யார், வாழைத்தாரை எடுத்தது யார் என்று பெயரோடு வாசியுங்கள், அதில் கமிட்டிக்காரர் வீடே இருந்தாலும் சரி.

அந்த 500 ரூபாய் மட்டும் கொஞ்சம் வேறு விஷயம், சகோதரி. நீங்கள் எடுக்கவில்லை, நம்புகிறேன். ரசீது வாங்காதது உங்கள் கவனக்குறைவு, அதைக் கமிட்டி கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள், ஜெபத்திலும் மறைக்காதீர்கள். பந்தல்காரர் அடுத்த ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்புவதற்குள் ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்கப் பாருங்கள்.