திருச்சியிலிருந்து நண்பர்களோடு ஒரே நாளில் போய்வர, மலையும் அருவியும் அல்லாத இயற்கை இடம் ஏதாவது உண்டா?

உண்டு. ஆனால் கூட யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வண்டியை விட்டு இறங்கியதும் "குளிக்கத் தண்ணி எங்கடா?" என்று கேட்கிற கூட்டம் என்றால் பேசாமல் புளியஞ்சோலைக்குப் போய்விடுங்கள். வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நடக்கத் தயார் என்றால், பெரம்பலூர் மாவட்டத்தில் காரை, சாத்தனூர், அங்கிருந்து அரியலூர்ப் பக்கம் இறங்கிக் கரைவெட்டி ஏரி. காலை ஆறு மணிக்குக் கிளம்பி மூன்றையும் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம்.

சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் வரை போய், வலது பக்கம் ஊட்டத்தூர் சாலையில் திரும்ப வேண்டும். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் என்று சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கும் நிலம், காரையை நெருங்கியதும் தாறுமாறாகக் கிழிந்து கிடக்கும். செம்மையும் மஞ்சளும் வெளுப்புமாகக் களிமண் மேடுகள், நடுவே மழைநீர் அறுத்த பள்ளங்கள். மரநிழல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அதனால்தான் இதைக் காலையிலேயே முடித்துவிடச் சொல்கிறேன்.

நீங்கள் நடப்பது பழைய கடலின் தரை. கிரெட்டேசியஸ் காலத்தில், சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் இதுவரை உள்ளே வந்திருந்தது. இன்றைக்கு வங்கக் கடல் இங்கிருந்து கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அன்று அடியில் படிந்த களிமண் இன்னும் மெத்தென்றே இருப்பதால் ஒவ்வொரு மழையும் அதை அறுத்துக்கொண்டு போகிறது. அறுக்க அறுக்க உள்ளே இருப்பது வெளியே வருகிறது. துப்பாக்கித் தோட்டா போன்ற கல் கிடந்தால் அது பெலம்னைட், இன்றைய கணவாய்க்குத் தூரத்து உறவு. உடம்பெல்லாம் போய் உள்ளே இருந்த கெட்டியான பாகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சுருள் சுருளாக இருப்பது அம்மோனைட், எப்போதோ அழிந்துபோன ஒரு கடல் உயிரினத்தின் ஓடு. வீட்டில் சாளக்கிராமம் வைத்துப் பூசை செய்பவர்களுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். கண்டகி நதியில் கிடைப்பதும் இந்த இனத்தின் சுவடுதான்.

களிமண்ணின் குறுக்கும் நெடுக்கும் கண்ணாடிச் சில்லு போலப் பளபளத்துக்கொண்டு ஓடுவது ஜிப்சம். எங்களோடு வந்தவர்களில் ஒருவன் சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவன். "மாப்ள, சிமெண்ட் சட்டுனு இறுகிடாம இருக்க இதைத்தான் சேர்ப்போம்" என்று ஆரம்பித்தவன் மதியம் வரை நிறுத்தவில்லை. அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. கல்லக்குடியிலும் அரியலூரிலும் இத்தனை சிமெண்ட் ஆலைகள் இருப்பதற்குக் காரணமே அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான். 1953-இல் டால்மியாபுரம் என்ற பெயரை எதிர்த்துக் கல்லக்குடியில் தி.மு.க.வினர் தண்டவாளத்தில் படுத்தார்களே, அந்தப் பெயர் அங்கே வந்ததும் ஆலையால்தான், ஆலை வந்ததும் சுண்ணாம்புக்கல்லால்தான்.

பிளான்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் 1862-இல் இந்தப் பகுதிப் பாறைகளைப் பற்றி எழுதி, ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். இன்றும் நிலவியல்காரர்கள் அதே பெயர்களைத்தான் சொல்கிறார்கள். திருச்சிக்காரர்களில் பாதிப் பேருக்கு ஊட்டத்தூர் எந்தத் திசை என்று தெரியாது, அது வேறு கதை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்ததும், "எந்தக் காலேஜு தம்பி? கல்லு பொறுக்க வந்தீங்களா?" என்றார். காலேஜை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது என்று சொல்லியும் நம்பவில்லை. கல் பொறுக்குவது பற்றி எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. ஒன்றே ஒன்று எடுத்தால் என்ன என்று ஒருவன், வருகிறவர்கள் எல்லாம் ஒன்றே ஒன்று எடுத்ததால்தான் இப்போது தேட வேண்டியிருக்கிறது என்று இன்னொருவன். நான் இரண்டாமவன் கட்சி. படம் எடுத்துக்கொள்ளுங்கள், கல்லை விட்டுவிடுங்கள்.

சாத்தனூரில் இருப்பது ஒரே ஒரு மரம், அதுவும் கல்லாகிப் போனது. கம்பி வேலிக்குள் 18 மீட்டருக்குப் படுத்துக் கிடக்கிறது. ஆற்றோடு அடித்து வரப்பட்டுக் கடலடிச் சேற்றில் புதைந்த மரம். மணலில் இருக்கும் சிலிக்கா என்ற பொருள் கரைந்த நீர் உள்ளே இறங்கி, மரம் இருந்த இடத்தையெல்லாம் மெல்ல மெல்லக் கல்லாக்கிவிட்டது. 1940-இல் இதைப் பதிவு செய்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன். இப்போது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். உண்மையைச் சொன்னால் பார்க்க அரை மணி நேரம் போதும். காரையைப் பார்க்காமல் நேரே இங்கே வருகிறவர்கள் "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றுதான் கேட்பார்கள். கடலில் நடந்துவிட்டு வந்தால் இதே மரம் வேறு மாதிரி தெரியும்.

கட்டுச்சோறு கண்டிப்பாக வேண்டும். காரையிலும் சாத்தனூரிலும் உட்கார்ந்து சாப்பிட ஓட்டலை நம்ப முடியாது. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எங்களைக் காப்பாற்றின. தண்ணீர், நினைப்பதைவிட இரண்டு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலு மணிக்குள் கரைவெட்டி வந்துவிட வேண்டும். 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி, 2024-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சுமார் 454 ஹெக்டேர். குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்தைத் தமிழ்நாட்டில் பார்க்க நல்ல இடங்களில் இது ஒன்று. திரும்பும்போது கீழப்பழுவூர் போய்ச் சிதம்பரம் – திருச்சி சாலையைப் பிடித்துவிடலாம்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். கோடையில் ஏரியில் தண்ணீர் இருக்காது, காரையில் வெயில் கொன்றுவிடும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் காரையை மறந்துவிடுங்கள், களிமண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. பைனாகுலர் யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாத்துகள் கரையோரம் வருவதில்லை, செல்போன் கேமராவில் புள்ளி மாதிரிதான் விழும்.