நாலு நிமிடம் முந்தி வரும் மேடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு மீட்டர் டிஷ், ஹெலிக்ஸ் ஃபீட் (டிஷ் குவிப்பதை வாங்கும் சுருள் ஆன்டெனா), ஃபில்டர் இல்லாத எல்.என்.ஏ. (மெல்லிய சிக்னலைப் பெருக்குவது), ஆர்டிஎல் டாங்கிள் (யூஎஸ்பி ரேடியோ ரிசீவர்). மொட்டைமாடியில் விண்வெளியின் ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் வெளியிடும் 1612 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ கோட்டைத் தேடுகிறேன். டிஷ்ஷை அசைக்காமல் 1565 முதல் 1615 வரை ஸ்கேன் செய்து, மொத்தத் திறனைக் கூட்டி வரைந்தால் தினமும் ஒரு மேடு: 1 டெசிபெல் உயரம், அரைமணி நீளம். பத்து நாளாக, நாளுக்கு 4 நிமிடம் முந்தி வருகிறது. விண்மீன்களும் இப்படித்தானே முந்தும்?

கே.

அன்புள்ள கே,

முந்தும். ஜிபிஎஸ்ஸும் முந்தும். நீங்கள் பிடித்திருப்பது அதைத்தான்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் பூமியைச் சுற்ற 11 மணி 58 நிமிடம். இரண்டு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம். விண்மீன்கள் அதே இடத்துக்குத் திரும்பும் விண்மீன் நாளும் அதுவே, 24 மணியைவிட 4 நிமிடம் குறைவு. நாலு நிமிடச் சோதனையில் மற்ற குறுக்கீடு பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும், இது தேறிவிடும்.

நீளத்தைப் பாருங்கள். 1.6 கிகாஹெர்ட்ஸில் உங்கள் டிஷ் பார்க்கும் அகலம் சுமார் 13 டிகிரி. விண்மீன் மணிக்கு அதிகபட்சம் 15 டிகிரிதான் நகரும். கடக்கக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வேண்டும். ஜிபிஎஸ் மணிக்கு 30 டிகிரிக்கு மேல்கூட ஓடும். உங்கள் அரைமணி அங்கேயே காட்டிக்கொடுக்கிறது. உயரமும் பொருந்தவில்லை. வானத்தின் பிரகாசமான ரேடியோ மூலங்களில் ஒன்றான காசியோப்பியா ஏ இந்த டிஷ்ஷில் ஒரு டெசிபெல்லில் சுமார் நூறில் ஒரு பங்குதான் தரும். ஒரு டெசிபெல் காட்டக்கூடிய இயற்கை மூலம் சூரியன்தான். அது 24 மணிக்கு ஒருமுறை வரும்.

மொத்தத்தைக் கூட்டியதுதான் தப்பு. ஸ்கேன் எழுதும் சிஎஸ்வி கோப்பில் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் தனித்தனி எண் இருக்கிறது. மேடு இருக்கும் அரைமணியின் சராசரியிலிருந்து அதற்கு முந்தைய அரைமணியின் சராசரியைக் கழித்து வரையுங்கள். ஜிபிஎஸ் ஒலிபரப்பும் 1575.42-ஐ நடுவாக வைத்து 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு திமில் எழும். இயற்கை மூலமென்றால் 50 மெகாஹெர்ட்ஸும் சேர்ந்து உயரும். பிறகு செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் ஜிபிரெடிக்ட் மென்பொருளில் அந்த நேரத்தைப் போட்டால் எந்தச் செயற்கைக்கோள் என்றே தெரிந்துவிடும்.

1598 முதல் 1606 வரையும் பாருங்கள். அங்கே க்ளோனாஸ், ரஷ்யாவின் ஜிபிஎஸ். அதன் வேடிக்கை வேறு: அதே இடத்துக்கு நாலு நிமிடம் முந்தி வருவது அதே செயற்கைக்கோள் அல்ல, வரிசையில் அடுத்தது; அதன் அதிர்வெண் வேறு. அதனால் திமில் நாளுக்கு நாள் 0.5625 மெகாஹெர்ட்ஸின் மடங்குகளில் இடம் மாறும். உங்கள் 1612-க்கு உண்மையான தொல்லை இதுதான். இவ்வளவு பக்கத்தில் இருப்பதைச் சாதாரண ஃபில்டரால் வெட்ட முடியாது. க்ளோனாஸ் உங்கள் டிஷ்ஷின் பார்வையில் இல்லாத நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டாங்கிளுக்கு ஹீட்சிங்க் ஒட்டிவிடுங்கள். 1500 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேலை செய்யும்போது சூடேறினால் பழைய டாங்கிள்கள் லாக் இழக்கும், அதாவது அதிர்வெண்ணில் நிலைத்து நிற்காது. அதுவும் ஒரு படிக்கட்டு போல வரைபடத்தில் விழும்.