சாவி திருகினால் 'டக்' மட்டும்: பழைய லாரிக்காரர்களின் கேள்விகள்

கே: என்னுடைய டாடா 407 லாரி, 2004 மாடல், 12 வோல்ட். எஃப்.சி.க்காக (தகுதிச் சான்று) பெயிண்ட் அடித்த பிறகு எட்டு மாதத்தில் இது மூன்றாவது பேட்டரி. காலையில் 'டக்' என்று ஒரே சத்தம், செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டார்) சுற்றாது. தள்ளினால் உடனே பிடித்துக்கொள்கிறது. அடுத்து எந்த கம்பெனி பேட்டரி வாங்கலாம்? – ஒட்டன்சத்திரம்

ப: எதையும் வாங்காதீர்கள். பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்: "பெயிண்ட் அடித்த பிறகு".

மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போடுங்கள், எஞ்சின் பிடிக்காதபடி ஸ்டாப் கேபிளை இழுத்து வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி காலி. சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மற்ற சோதனை. பிறகு ஒருவர் சாவி திருக, நீங்கள் மூன்று இடத்தில் அளக்க வேண்டும்.

முதலில் பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழ்களிலும் மீட்டர் முனையை வையுங்கள். லக்கின் (கேபிள் முனையில் இருக்கும் உலோகப் பிடி) மேல் வைத்தால் லக்கில் இருக்கிற குறை தெரியாது. சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் இறுகிப்போய் அளவுக்கு மேல் இழுக்கிறது. இரண்டாவது, பாசிட்டிவ் குமிழுக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே. 0.5-ஐத் தாண்டினால் கேபிளிலோ லக்கிலோ கோளாறு. மூன்றாவது, நெகட்டிவ் குமிழுக்கும் செல்ஃபின் உடம்புக்கும் நடுவே. 0.3-க்குள் இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் இங்கேதான் 1, 2 வோல்ட் என்று நிற்கும் என்பது என் கணிப்பு.

எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றிப் பாருங்கள். லக்குக்கு அடியில் பெயிண்ட் பளபளவென்று இருக்கும், அதுதான் மின்சாரத்தைத் தடுக்கிறது. எமரி தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முறுக்கி, அதற்கு மேலே கிரீஸ் தடவுங்கள். கிரீஸை முதலிலேயே தடவிவிட்டு முறுக்காதீர்கள். பட்டை நைந்திருந்தால் 50 சதுர மி.மீ. செம்புக் கேபிள் போட்டுவிடலாம். எர்த் கெட்ட வண்டியில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் ஆக்சிலரேட்டர் கேபிள் சூடாகும். மின்சாரம் திரும்பிப் போக அந்த வழியைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். நடுநடுவே ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். பழைய இரண்டு பேட்டரியையும் எடைக்குப் போட்டுவிட்டீர்களா? பாவம்.

கே: 'டக்' சத்தம்கூட வராவிட்டால்? – சங்ககிரி

ப: சோலனாய்டின் (செல்ஃபுக்குக் கரண்டை இணைக்கும் மின்காந்த ஸ்விட்ச்) சின்ன முனையில், அதாவது 50 என்று போட்டிருக்கும் முனையில், சாவி திருகும்போது எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் 10-க்குக் கீழே வந்தால் சாவி ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது, அல்லது வயர் அரித்திருக்கிறது. நடுவில் 40 ஆம்பியர் ரிலே ஒன்று போட்டால் ஸ்விட்சுக்கும் ஆயுசு கூடும். முழு வோல்ட்டும் வந்தும் அசைவில்லை என்றால் செல்ஃபைக் கழற்ற வேண்டியதுதான்.

கே: ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃப் முனைகளை இணைத்து ஸ்டார்ட் செய்கிறேன். தப்பா? – ஓமலூர்

ப: கியரில் நிற்கும் வண்டி ஒரு நாள் உங்கள் மேல் ஏறும்.

கே: 10 சக்கர லாரி, 24 வோல்ட். இரண்டு பேட்டரியில் எப்போதும் ஒன்றே சாகிறது. கடைக்காரர் அதை மட்டும் மாற்றித் தருகிறார். – நாமக்கல்

ப: கேபினில் பாட்டு செட்டு இருக்கிறதா? செல்போன் சார்ஜர், சின்ன ஃபேன்? எல்லாம் எங்கிருந்து எடுத்திருக்கிறது? 'ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் தட்டியிருக்கிறது' என்பீர்கள். வண்டி வண்டியாக இதைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

இரண்டு பேட்டரியும் வரிசையில் (சீரிஸில், ஒன்றன் பாசிட்டிவ் மற்றதன் நெகட்டிவோடு) இணைந்திருக்கின்றன. டைனமோ கொடுக்கும் 28 வோல்ட்டை இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பாட்டு செட்டு பெரும்பாலும் எர்த் பக்கத்துப் பேட்டரியை மட்டும் உறிஞ்சுகிறது. டைனமோவுக்கு அது தெரியாது, மொத்தத்தைத்தான் பார்க்கிறது. ஆகவே ஒன்று அரைப்பசியிலேயே கிடந்து ஈயத்தட்டு சல்பேட் பிடிக்கிறது; மற்றது அளவுக்கு மேல் சார்ஜாகித் தண்ணீர் கொதித்து வற்றுகிறது. ராத்திரி நின்ற வண்டியில் இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் சொல்வதுதான் நடக்கிறது.

நைந்த பேட்டரியோடு புதிதைச் சேர்த்தால் புதிதும் சீக்கிரம் போகும். மாற்றினால் இரண்டையும், ஒரே கம்பெனி, ஒரே ஆம்பியர், ஒரே மாதத்துத் தயாரிப்பாக மாற்றுங்கள். கடைக்காரருக்கு ஒவ்வொன்றாக விற்பதுதான் லாபம். அவர் எதற்குச் சொல்லப்போகிறார்? பாட்டு செட்டுக்கு 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் தனியாக வாங்குங்கள்.

கே: புது செல்ஃப் என்று விற்றார்கள். 40 நாளில் கருகியது. திறந்தால் ஆர்மேச்சரில் (உள்ளே சுற்றும் பகுதி) பழைய தேய்மானம். பில் கேட்டபோது எஸ்டிமேட் சீட்டுதான் தந்தார்கள். ஒரே லாரி, நானே ஓட்டுகிறேன். – தாராபுரம்

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், விடாதீர்கள். ரீகண்டிஷன் செய்த (பழையதைச் சரிசெய்த) பொருளைப் புதிது என்று விற்பதும், பில் தராமல் இருப்பதும், இரண்டுமே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிகம்தான். 'லாரி தொழிலுக்கானது, நீ நுகர்வோர் இல்லை' என்று கடைக்காரர் வாதாடுவார். பிழைப்புக்காகத் தானே ஓட்டும் லாரிக்காரர் நுகர்வோர்தான் என்று 1995-ல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஆள் போட்டு ஓட்டுபவருக்கு அந்தச் சலுகை இல்லை.

செல்ஃபை அப்படியே வையுங்கள், மறுபடி காயில் கட்டிவிடாதீர்கள். தேய்ந்த கம்யூட்டேட்டர் (ஆர்மேச்சரில் கார்பன் உரசும் செம்பு வளையம்), பெயிண்டுக்கு அடியில் தெரியும் பழைய ஸ்பேனர் தழும்பு எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். எஸ்டிமேட் சீட்டும் ஜிபே பதிவும் சாட்சியாகும். கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார். மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

கே: பழைய லாரி வாங்கினேன். பார்க்கப் போனபோது அரைச் சாவியில் பிடித்தது. இப்போது காலையில் மக்கர். – துறையூர்

ப: பார்க்கப் போனபோது எஞ்சினைத் தொட்டுப் பார்த்தீர்களா? சூடாக இருந்திருக்கும். கடுப்புதான் வருகிறது, பத்து லட்சத்துக்கு வண்டி வாங்கப் போகிறவர், போனட்டில் ஒரு கை வைக்கக் கூடாதா? செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் டீசல் பம்பின் ஸ்டாப் சோலனாய்டுக்கு (டீசலைத் திறந்து மூடுவது) கரண்ட் வருகிறதா, டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். செல்ஃபே மந்தம் என்றால் மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

கே: ஜம்பர் கேபிள் (இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் வயர்) எது வாங்கலாம்? – கரூர்

ப: விரல் தடிமன் ரப்பரைப் பார்த்து வாங்கி நானும் ஏமாந்திருக்கிறேன். உள்ளே செம்பு முலாம் பூசிய அலுமினியம், அதுவும் நூல் மாதிரி. கம்பியின் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.